பிடுங்க முதல் ஒரு நிமிசம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். கடைசியில் கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் ஆட்களிடம் ஒரு உதவியும் கேட்கிறேன்.

போன கிழமை மட்டும் மூன்று பேர் செத்துப்போன பென் டிரைவோடு பாடசாலைக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் பழைய மாணவியின் அப்பா. மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன, ஸ்டூடியோவில் பிரதி இல்லையாம். அடுத்தது தேவாலயத்தில் பாடுகிற ஒரு பெடியன். மூன்றாவது எங்களோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர், மூன்று வகுப்புகளின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளோடு. மூன்று பேரும் சொன்னது ஒரே கதைதான்.

"சும்மா கழட்டினனான் சேர். திரும்பப் போட்டா ஃபோர்மட் பண்ணவோ எண்டு கேக்குது."

ஃபோர்மட் பண்ணவா என்று கேட்டால் "ஓம்" என்று மட்டும் அழுத்தாதீர்கள். அப்படியே கழற்றி வைத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். மூன்றில் இரண்டைக் காப்பாற்றினோம். காப்பாற்ற முடியாமல் போனது யாருடையது என்று இங்கே எழுதவில்லை, அவர் இதை வாசிப்பார்.

"ஏன் சேர் இப்பிடி நடக்குது, ஒருக்கா எழுதுங்கோவன்" என்று அந்த ரீச்சர் கேட்டா. அதனால் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது என்னுடைய கதையையும் சொல்லாமல் எழுத முடியாது என்று தெரிந்தது.

எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பவை பழைய மெசின்கள். புது விண்டோஸ் அவற்றில் ஓடாது, ஓடினாலும் மூச்சுவாங்கும். அதனால் பாதிக்கு மேல் உபுண்டு போட்டுவிட்டோம். உயர்தரப் பிள்ளைகளுக்கு இது நல்லதாய்ப் போயிற்று. கோப்பு முறைமை என்றால் என்ன என்று புத்தகத்தில் படிப்பதை விட, கறுப்புத் திரையில் கட்டளை எழுதி ஒரு பென் டிரைவைத் தாங்களே பொருத்திக் கழற்றினால் மண்டைக்குள் நிற்கும்.

விண்டோஸில் ஒரு டிரைவைச் செருகினால் அதற்கு இ என்றோ எஃப் என்றோ ஒரு எழுத்துக் கொடுத்துத் தனியே வைக்கும். லினக்ஸில் அப்படியில்லை. எல்லாம் ஒரே மரம். வேரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும். பென் டிரைவைச் செருகினால் அதை அந்த மரத்தில் ஒரு இடத்தில் ஒட்டவேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட். வேலை முடிந்ததும் ஒட்டியதை எடுக்கவேண்டும். அதற்கான கட்டளை யுமவுண்ட்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. முதல் நாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கட்டளை வேலை செய்யாது. "கட்டளையைக் காணோம்" என்று திரை சொல்லும். காரணம், அவர்கள் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவர்கள். "அன்மவுண்ட்" என்று இரண்டு என் போட்டு எழுதிவிடுவார்கள். கட்டளையில் முதல் என் இல்லை. யு, எம், ஓ, யு, என், டி, அவ்வளவுதான். யுனிக்ஸின் முதலாவது கையேடு 1971 நவம்பர் 3 ஆம் திகதியிட்டு வந்தது. அதிலேயே இந்தக் கட்டளை இப்படித்தான் இருக்கிறது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுத்தைச் சிக்கனம் பண்ணிப் பெயர் வைத்த காலம். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஒரு எழுத்தை யாரும் திரும்பச் சேர்க்கவில்லை. எங்கள் பெடியள் அதற்கு "என் இல்லாத கட்டளை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மவுண்ட் என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. அந்தக் காலத்தில் டிஸ்க் என்பது பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவான ஒரு பொதி. ஒருவர் அதைக் கையால் தூக்கி மெசினில் ஏற்றவேண்டும், வேலை முடிந்தால் இறக்கவேண்டும். அப்படியான ஒன்றில் பிடித்தது சுமார் இரண்டரை மெகாபைட். இன்று நீங்கள் வட்ஸப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே சிலவேளை அதைவிடப் பெரிது.

சரி, ஏன் கழற்றுவதற்கு ஒரு கட்டளை வேண்டும்? கையால் இழுத்தால் வரும்தானே?

இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. நீங்கள் ஒரு கோப்பைப் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணுகிறீர்கள். பச்சைக் கோடு ஓடி முடிகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. பென் டிரைவ் மெதுவான சாமான். கொம்பியூட்டர் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்காது. கோப்பைத் தன்னுடைய நினைவகத்தில், அதாவது ரேமில், வாங்கி வைத்துக்கொண்டு உங்களிடம் "முடிந்தது" என்று சொல்லிவிடும். பிறகு ஆறுதலாக எழுதும். வழமையான லினக்ஸ் அமைப்பில், எழுதவேண்டியது ஏதும் இருக்கிறதா என்று அது 5 செக்கனுக்கு ஒருதடவை விழித்துப் பார்க்கும். 30 செக்கனுக்கு மேல் காத்திருப்பதை எழுதத் தொடங்கும். தொடங்கும் என்றுதான் சொன்னேன். நிறைய இருந்தால் முடிய இன்னும் நேரம் எடுக்கும்.

இதை நான் வகுப்பில் படம் கீறி விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் எழும்பினான். அப்பா களங்கண்டித் தொழில் செய்கிறவர்.

"சேர், இது மீன் எல்லாத்தையும் இறக்கி முடிய முன்னம் வள்ளத்தைத் தள்ளி விடுற மாதிரி. கரையில நிக்கிறவன் எல்லாம் வந்திட்டுது எண்டு கணக்கு எழுதிப்போட்டான். மீன் இன்னும் வள்ளத்துக்க."

என் படத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு எல்லா வருடமும் அந்த வள்ளத்தைத்தான் கீறுகிறேன்.

யுமவுண்ட் என்று கட்டளை கொடுத்தால் நடப்பது இதுதான். இனிப் புதிதாக எதுவும் ஏற்றவேண்டாம் என்று சொல்லி, ரேமில் மிச்சமிருப்பதை எல்லாம் டிரைவில் எழுதி முடித்து, கணக்கை மூடி, அதன்பிறகு கிளையை மரத்திலிருந்து எடுக்கும். எழுதி முடியும்வரை கட்டளை திரும்பி வராது. திரையில் அந்தக் கோடு சும்மா மினுங்கிக்கொண்டு நிற்கும். ஒரு சொல்லும் சொல்லாது. முடிந்தபிறகும் "முடிந்தது" என்று சொல்லாது, அடுத்த கட்டளைக்கு இடம் விட்டு நிற்கும். அவ்வளவுதான் அதன் பேச்சு.

அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் போனதுதான் என் கதை.

2019 இல் நான் புத்தளத்துக்குப் போயிருந்தபோது உம்மாவின் குரலைப் பதிவு செய்தேன். ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருந்தேன். மூன்று பின்னேரங்கள். முதல் நாள் சோனகத் தெருவில் அவவின் சின்ன வயது, ஓதப் போனது, பெருநாள். இரண்டாம் நாள் கலியாணம், வாப்பாவின் கடை, நாங்கள் பிறந்தது. மூன்றாம் நாள் 1990 ஒக்டோபர் 30.

அந்த நாளைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறவேண்டும் என்று அறிவித்த நாள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து இப்படி வெளியேறியவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு ஞாபகம் இருப்பது லொறியும், தாகமும், உம்மாவின் கையும்தான். மிச்சம் எல்லாம் உம்மாவிடம் இருந்தது.

2020 இல் உம்மா வஃபாத்தானா.

முதல் இரண்டு நாள் பதிவுகளையும் எப்போதோ என் ஹார்ட் டிஸ்கில் போட்டிருந்தேன். மூன்றாவது கருவியிலேயே கிடந்தது. கேட்க மனம் வரவில்லை, அதனால் தொடவுமில்லை.

2022 ஏப்ரல். மின்வெட்டுக் காலம், மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். பெற்றோல் வரிசை இன்னொரு பக்கம். நோன்பும் தொடங்கிவிட்டது. நான் கொழும்புத்துறையிலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன், பாசையூர், குருநகர் தாண்டிக் கடற்கரை வீதியால். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முதல் வீட்டில் நிற்கவேண்டும் என்றால் ஐந்து மணிக்காவது இறங்கவேண்டும்.

விவாதப் போட்டியைப் பதிவு செய்யக் கருவியைக் கேட்டிருந்தார்கள். பார்த்தால் அதில் இடம் இல்லை. அன்று பின்னேரம் ஆய்வுகூடத்தில் இருந்து, விளையாட்டுப் போட்டி வீடியோக்களை ஹார்ட் டிஸ்குக்குக் கொப்பி பண்ணினேன். அதோடு கருவியில் இருந்த உம்மாவின் மூன்றாவது பதிவையும் டிஸ்குக்கு மாற்றினேன். கொப்பி பண்ணவில்லை, மாற்றினேன். எம்வி என்ற கட்டளை. ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு அதைக் கொடுத்தால், அங்கே ஒரு பிரதி எழுதிவிட்டு இங்கே இருப்பதை அழிக்கும். "எழுதிவிட்டு" என்றால் என்ன என்று மேலே சொன்னேன் அல்லவா. ரேமில் எழுதினாலும் அதற்கு எழுதியதுதான்.

கருவியை முதலில் கழற்றினேன். அதில் எழுத ஒன்றுமில்லை, உடனே வந்துவிட்டது. பிறகு ஹார்ட் டிஸ்குக்கு யுமவுண்ட் கொடுத்தேன். கோடு மினுங்கிக்கொண்டு நின்றது. வீடியோக்கள் அதற்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கும், டிஸ்கும் பழசு. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்துக்கு மூன்று நிமிடம். எங்கள் பக்கத்துக்கு ஐந்து மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள். மெசின் இறுகிவிட்டது என்று நினைத்தேன். டிஸ்கோடு கரண்ட் போனால் டிஸ்க் பழுதாகிவிடும் என்று ஒரு பயம்.

பிடுங்கினேன்.

மூன்று நிமிடம் இருந்தது. அதற்கு இன்னும் ஒரு நிமிடம் கூடத் தேவைப்பட்டிருக்காது. ஐந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு "பொறுங்கோ, அது எழுதுது, பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

திரையில் ஏதோ பிழை வரிகள் ஓடின. வாசிக்கவில்லை. சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. நான் அப்போது பாசையூர்ப் பக்கம் சைக்கிளில்.

இரண்டு மாதம் கழித்து லாத்தா போனில் கேட்டா, "உம்மாட அந்தப் பதிவ எனக்கும் அனுப்பேன்" என்று. டிஸ்கைப் போட்டேன். மூன்று கோப்புகளும் இருந்தன, நான் வைத்த பெயர்களோடு. மூன்றாவதன் அளவைப் பார்த்தால் சுழியம். பெயரை மட்டும் கணக்கில் பதிந்திருக்கிறது. உள்ளே இருக்கவேண்டியது ரேமில் காத்திருந்தபோதே நான் இழுத்திருக்கிறேன். இது அந்தக் கோப்பு முறைமையில் தெரிந்த விசயம்தான். பெயர்ப்பதிவைக் கொஞ்சம் முந்தி எழுதும், உள்ளடக்கத்தைக் கொஞ்சம் பிந்தி எழுதும். நான் அதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன்.

லாத்தாவிடம் டிஸ்க் பழுது என்று சொன்னேன். இந்தப் பதிவை அவவும் வாசிப்பா. லாத்தா, டிஸ்க் பழுதில்லை.

கருவிக்குள் தேடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரும் இடமும்தான் கணக்கிலிருந்து போகும், உள்ளே இருந்தது வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். ஆனால் கருவி அதற்குள் விவாதப் போட்டிக்குப் போய் வந்துவிட்டது. என்னிடம் படித்த ஒரு பெடியன் இப்போது கம்பஸில். அவனைக் கூப்பிட்டேன். வந்ததும் முதல் சொன்னது:

"சேர், இனி இதில ஒண்டும் எழுதாதேங்கோ. ஓன் பண்ணியும் பாக்காதேங்கோ."

"தெரியுமடா."

"தெரிஞ்சுதானே சேர்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான். நல்ல பிள்ளை.

கருவியை எழுத முடியாதபடி பொருத்தி, அதன் உள்ளே இருப்பதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்தான். பிறகு அந்தப் பிரதியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். பெயர் போட்டோ என்றாலும் அது பாட்டு, ஆவணம், வீடியோ எல்லாம் தேடும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காது, ஒவ்வொரு துண்டாகத் தடவி, எம்பி3 மாதிரி இருக்கிறதா, படம் மாதிரி இருக்கிறதா என்று அடையாளம் பார்த்து எடுக்கும். இரவு முழுக்க ஓடியது.

38 நிமிடத்தில் 11 நிமிடம் கிடைத்தது.

அந்தப் பதினொரு நிமிடத்தில் உம்மா காலையிலிருந்து தொடங்குகிறா. அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. வாப்பா மைதானத்துக்குப் போய்விட்டார். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து சொன்னா. ஆணத்தை இறக்கி வைத்தாவாம். "எதுக்கு இறக்கி வெச்சேன் எண்டு எனக்கே தெரியா, வந்து சாப்புடுவம் எண்டு நெனச்சன் போல" என்று சிரிக்கிறா. பிறகு கதவு. பிறகு,

"சாவிய நான் கொண்டு போகல்ல. கொழும்புத்துறையில இருந்து எங்களுக்கு மீன் கொண்டு வாற அக்கா வாசல்ல வந்து நிண்டா, ஒண்டும் தெரியாம. அவட கையில குடுத்துட்டு, அவட பேரு..."

அந்த இடத்தில் வேறு குரல். எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்று, கைத்தொலைபேசி மாணவர்களுக்கு நன்மையா தீமையா என்று, வசனத்தின் நடுவிலிருந்து. நன்றாகத்தான் பேசுகிறாள். அந்த வருடம் அவளுக்குத்தான் முதல் பரிசு.

2019 இல் உம்மா இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். பெயரையும் சொன்னா. எனக்கு ஞாபகம் இல்லை. கருவியில் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவாகிறதுதானே என்று நினைத்தால் காது வேலை செய்யாது போல.

அதற்குப் பிறகு நான் மாறின சில விசயங்களைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் பயன்படும்.

முதலாவது, முக்கியமான எதையும் "மாற்றுவது" இல்லை. கொப்பி பண்ணுவேன். யுமவுண்ட் பண்ணுவேன். திரும்பச் செருகித் திறந்து பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பழையதை அழிப்பேன். உம்மாவின் மிச்சப் பதிவுகள் இப்போது நாலு இடத்தில் இருக்கின்றன, ஒன்று லாத்தா வீட்டில், ஒன்று வெளிநாட்டில். 1981 இல் எங்கள் நூலகம் எரிந்தபோது போனவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2005 இலிருந்து நூலக நிறுவனத்தார் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி இணையத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒலிப்பதிவுகளையும் படங்களையும் ஆவணகம் என்ற தளத்தில் சேர்க்கிறார்கள். வீட்டில் கசற் கிடந்தால் யோசியுங்கள்.

இரண்டாவது, யுமவுண்ட் கொடுத்து "இலக்கு வேலையாக இருக்கிறது" என்ற கருத்தில் ஒரு வரி வந்தால் கோபப்படாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றுகிறது. யாரோ இன்னும் அந்த டிரைவுக்குள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். வகுப்பில் பத்தில் ஏழு தடவை அந்த ஆள் நாங்களேதான். அந்தக் கறுப்புத் திரையே டிரைவின் ஃபோல்டருக்குள் நிற்கும். கிளையில் இருந்துகொண்டு கிளையை வெட்டுகிற வேலை. சிடி என்று மட்டும் எழுதி என்டர் அடித்தால் உங்கள் சொந்த வீட்டு ஃபோல்டருக்கு வந்துவிடுவீர்கள், பிறகு கழற்றலாம். அதுவும் இல்லையென்றால் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை, எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும். ஃபியூசர் என்ற கட்டளையும் அதையே செய்யும். அதில் கே என்ற எழுத்தைச் சேர்த்தால் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எல்லாம் கேட்காமல் கொன்றுவிடும். யாரோ சேமிக்காமல் விட்ட கட்டுரையும் அதோடு போகும். தரம் 12 பெடியளுக்கு இந்த எழுத்தில் ஒரு தனி விருப்பம். நான் விடுவதில்லை.

மூன்றாவது, எல் என்ற எழுத்தோடு யுமவுண்ட் கொடுக்கிற ஒரு வழி இருக்கிறது. "சோம்பல் கழற்றல்" என்று பெயர். கிளையை மரத்திலிருந்து பார்வைக்கு உடனே எடுத்துவிடும், உள்ளே வேலை முடிந்தபிறகுதான் உண்மையாகவே விடும். யூடியூப்பில் இதைத் தீர்வாகச் சொல்கிறார்கள். பென் டிரைவுக்கு இது வேண்டாம். கழன்றுவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும், உள்ளே எழுதிக்கொண்டிருக்கும், நீங்கள் பிடுங்குவீர்கள். என் கதைதான் திரும்ப வரும். எஃப் என்ற எழுத்து வலுக்கட்டாயம். அது பெரும்பாலும் வலையமைப்பில் தொலைவில் உள்ள சேர்வர் விழுந்துபோன நேரத்துக்கானது, உங்கள் கையில் இருக்கிற டிரைவுக்கு அல்ல.

கரண்ட் போகப்போகிறது, அவசரம் என்றால் முதலில் சிங்க் என்று கட்டளை கொடுங்கள். ரேமில் இருப்பதை எழுதச் சொல்லும். பழைய காலத்து ஓப்பரேட்டர்மார் நம்பிக்கைக்கு அதை மூன்று தடவை அடிப்பார்களாம். நானும் இப்போது மூன்று தடவை அடிக்கிறேன். பெடியள் சிரிப்பார்கள்.

சுற்றுகிற தகடுள்ள பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் யுமவுண்டுக்குப் பிறகு யூடிஸ்க்ஸ்சிடிஎல் என்ற கட்டளையில் பவர் ஓஃப் கொடுத்தால் தகடு நின்று தலை ஒதுங்கும். பிறகு கழற்றுங்கள். காதை வைத்துப் பார்த்தால் நிற்பது கேட்கும்.

கழற்றிய பிறகு அந்த ஃபோல்டரைப் பார்த்தால் வெறுமையாக இருக்கும். ஒரு பிள்ளை இதைப் பார்த்து "எல்லாம் அழிஞ்சிட்டுது சேர்" என்று அழத் தொடங்கிவிட்டாள். அழியவில்லை. கிளையை எடுத்தபிறகு அது ஒட்டியிருந்த இடம்தான் அது. ஆனால் அந்த வெறும் ஃபோல்டருக்குள் எதையாவது சேமித்தால் அது பென் டிரைவுக்குப் போகாது, மெசினிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போய்த் தேடினால் இருக்காது. இதில் மாட்டாத பிள்ளை இதுவரை என் வகுப்பில் இல்லை.

விண்டோஸ்காரருக்கு: 2018 இல் வந்த பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு "விரைவாகக் கழற்றல்" என்பதுதான் வழமை அமைப்பு. முந்தி மாதிரி அதிகம் தேக்கி வைக்காது. அதற்காகக் கொப்பி ஓடும்போது இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. கீழ் மூலையில் உள்ள படத்தை அழுத்திக் கழற்றுவது இன்னும் நல்லது. போனில் மெமரி கார்ட் கழற்றுவதென்றால் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், அங்கே எஜெக்ட் அல்லது அன்மவுண்ட். (அங்கே என் இருக்கிறது.)

இனி நான் கேட்க வந்தது.

1990 இல், அதற்கு முந்திய வருடங்களில், கொழும்புத்துறையிலிருந்து சோனகத் தெருப் பக்கம் மீன் கொண்டு வந்து விற்ற ஒரு அக்கா. அப்போது அவவுக்கு முப்பதோ நாற்பதோ தெரியவில்லை. உம்மா அக்கா என்று சொன்னபடியால் உம்மாவை விட மூத்தவவாக இருக்கலாம், மரியாதைக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். இருந்தால் இப்போது அறுபதுக்கு மேல். 1995 இடப்பெயர்வில் எங்கே போனாவோ, திரும்பினாவோ தெரியாது. இறங்குதுறைப் பக்கத்தில் இரண்டு மூன்று பெரியவர்களிடம் கேட்டேன். அப்போது சந்தைக்குப் போகாமல் வீடு வீடாக விற்ற பெண்கள் பல பேர் இருந்தார்களாம். ஒருவர் ஒரு பெயர் சொன்னார், அடுத்த நாள் அவரே இல்லை என்றார்.

பிள்ளைகளே, வீட்டில் அம்மம்மா, அப்பம்மாவிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள். சோனகத் தெருவுக்கு மீன் கொண்டு போனவவா, ஒரு நாள் ஒரு முஸ்லிம் பெண் அவசரத்தில் கையில் ஒரு சாவியைத் தந்தாவா என்று.

சாவி எனக்கு வேண்டாம். அந்த வீடு இப்போது இல்லை, கதவும் இல்லை. பெயர் தெரிந்தால் போதும். அவ இருந்தால் போய்ப் பார்ப்பேன். இல்லையென்றால் அவவின் பிள்ளைகளிடமாவது உம்மாவின் அந்தப் பதினொரு நிமிடத்தைப் போட்டுக் காட்டுவேன்.

தெரிந்தவர்கள் கீழே எழுதவேண்டாம், தனியாக எனக்கு அனுப்புங்கள். பென் டிரைவ் பழுதானவர்கள் வியாழக்கிழமை பின்னேரம் வாருங்கள், மூன்று மணியிலிருந்து ஆய்வுகூடத்தில் நிற்பேன். ஃபோர்மட் பண்ணாமல் கொண்டு வாருங்கள்.